டெலிபோன் அக்காவின் கார்

போன மாதம் என் தங்கை மகன் ஒரு பழைய கார் வாங்கினான். முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டான். முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சின்னப் படம் எரிந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் மடிக்கு மேலே ஒரு பந்து.

"இது என்னப்பா?"

"ஏர்பேக் லைட்டு பெரியம்மா. சும்மா எரியுது. வித்தவரு ஒண்ணுமில்லைன்னாரு. வேணும்னா பல்பைக் கழட்டிடலாம்னும் சொன்னாரு."

நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"எங்கயாவது இடிச்சா அந்தப் பை விரியுமா, விரியாதா?"

"தெரியலையே பெரியம்மா."

"அப்போ தெரிஞ்சுக்கிட்டு வா. நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன்."

சிரித்துக்கொண்டே போனான், கொஞ்சம் கோபமும் இருந்தது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்களாம். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் கழன்றிருந்ததாம். மாட்டியதும் லைட்டு அணைந்துவிட்டது. "இவ்வளவுதான், இதுக்குப் போயி" என்றான். இவ்வளவுதான் என்பது பார்த்த பிறகுதானே தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும்போதே அது என் பேச்சு இல்லை என்று தெரிந்தது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த டெலிபோன் அக்காவின் பேச்சு அது.

நான் கல்யாணமாகி, எஸ்டேட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த புதிது. சுதந்திரம் வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் ரப்பர் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும். பலகைச் சுவர், தகரக் கூரை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடிதான் வேலி.

கொடிக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக இருந்தார். வயது நாற்பது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் அந்த வரிசையில் யாருக்கும் இல்லை. கான்வென்ட்டில் படித்தவர், டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெரிய பலகை ஒன்றில் வரிசை வரிசையாகச் சின்ன லைட்டுகள் இருக்குமாம். யாராவது வீட்டில் போனை எடுத்தால் இங்கே ஒரு லைட்டு எரியும். உடனே கயிறு மாதிரி ஒரு வயரை எடுத்து அந்த ஓட்டையில் சொருகி, யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை அதுதான் வேலை.

அந்த வேலை அவர் உடம்பிலேயே ஏறிப்போயிருந்தது. கேட்கும்போது தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். காதில் எப்போதும் மாட்டியிருக்கும் கருவி அந்தப் பக்கம். காட்டிக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் போனால், "ஒரு காட்டி வெங்காயம், அரைக் காட்டி புளி" என்று அவர் கேட்பார். கடைக்காரர் "ஒரு காட்டி வெங்காயம்" என்று எடுத்து வைத்தால், "ஒரு காட்டி வெங்காயம்" என்று இவர் மறுபடியும் சொல்வார். கொடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் அடுப்பில் ஏதோ பொங்கினால், "லைன்ல இரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவார். நானும் லைனில் நிற்பேன்.

அவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. "ஒண்ணுமில்ல."

"என்ன, முகம் வாடியிருக்கு?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லக்கா" என்றால் நகர மாட்டார். எதுவும் பேசவும் மாட்டார். தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நிற்பார். நிற்கிறவரைப் பார்த்தால், உள்ளே இருப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. புது ஊரில், புது வீட்டில், என்னிடம் அப்படிக் காத்துநின்று கேட்க வேறு யார் இருந்தார்கள்? எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சிட்டிகள், பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட நம் ஆட்கள், குடியிருக்கும் கம்போங். அங்கே ஒரு அம்மா. எல்லோரும் பிபிக் என்றுதான் கூப்பிடுவோம். கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு மலாய்தான் பேசுவார். சாமி, பூசை, அத்தை, தம்பி என்று நடுநடுவே நம் வார்த்தைகள் வந்து விழும். கோயில் திருவிழாவில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தபோது பிபிக்கின் கண் சிவந்திருப்பதை அக்கா பார்த்துவிட்டார். அத்தனை பேருக்கு நடுவில் கேட்டுவிட்டார். பிபிக் ஒன்றுமில்லை என்று சொல்ல, அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் பிபிக் அழுதே விட்டார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை.

அக்கா மறுநாளே எக்ஸ்சேஞ்சிலிருந்து சிங்கப்பூருக்கு ட்ரங்க் கால் போட்டு அந்தப் பையனைப் பிடித்துவிட்டார். அவன் நன்றாகத்தான் இருந்தான். எழுதச் சோம்பல், அவ்வளவுதான். பிபிக்குக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். மகன் தன்னை மறந்துவிட்டான் என்பது கோயில் முழுவதும் தெரிந்துபோயிற்றே. அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்க்கா" என்றேன்.

அக்கா யோசித்தார். "ஆமா. கேக்க வேண்டியதுதான். அங்க வச்சுக் கேட்டது தப்பு" என்றார். அதோடு சரி. அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதை நிறுத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கார் வந்துசேர்ந்தது.

வெள்ளைக்கார துரைமார்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, மேசை, நாய் என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு துரையின் கறுப்பு நிறச் சின்னக் காரை அக்கா வாங்கினார். துரையின் டிரைவரே கிளேபாங் கடலோரச் சாலையில் அவருக்கு ஓட்டப் பழக்கிவிட்டார். எங்கள் வரிசையில் கார் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். பெண் ஓட்டுவதை நான் முதன்முதலில் பார்த்ததும் அப்போதுதான். சாவியைக் கொடுக்கும்போது டிரைவர் சொன்னாராம், "இந்தச் செவப்பு லைட்டு அப்பப்போ எரியும். துரை கண்டுக்க மாட்டாரு."

எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம், பிரஷர் என்பார்கள், அது குறைந்தால் எரிகிற லைட்டு. சாவியைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிட வேண்டும். இந்தக் காரில் அணையும், பிறகு போகிற வழியில் எங்காவது மறுபடியும் எரியும். அக்கா செமாபோக்கில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஃபோர்மன் ஒரு சீனர். மூடியைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எண்ணெய் மாற்றினார். லைட்டு அணைந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எரிந்தது. மறுபடியும் போனோம்.

"எஞ்சின் நல்லாதான் இருக்கு, மிஸ்ஸி. லைட்டுதான் பொய் சொல்லுது" என்றார் ஃபோர்மன் மலாயில். "தா அப்பா, பரவால்ல. பல்பைக் கழட்டிப் போட்டுடுறேன். உங்களுக்கும் நிம்மதி."

"பொய்யின்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"பத்து தடவை எரிஞ்சா ஒன்பது தடவை பொய்."

"அப்ப ஒரு தடவை?"

ஃபோர்மன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பல்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு டின் எண்ணெய் வாங்கிக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறுகிறவர்களுக்கு இதுதான் வழக்கம். லைட்டு எரிந்தால் அக்கா ஓரமாக நிறுத்திவிடுவார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, மூடியைத் திறந்து வைத்து, சூடு ஆறும்வரை காத்திருப்பார். பிறகு கம்பியை உருவித் துடைத்து எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குறைந்திருந்தால் ஊற்றுவார். மறுபடியும் கிளம்புவார். பாசாருக்குப் போனால் மீன் நாறிப்போகும். புக்கிட் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போன என் மாமியார், தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். "இந்தக் காருல போறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அதன்பிறகு என்னைத் தவிர யாரும் அதிகம் ஏறியதில்லை.

ஆனால் சுதந்திரத் தேதியை அறிவிக்கப்போகிற அன்று எல்லோரும் ஏறினார்கள்.

லண்டனுக்குப் போன தலைவர்கள் திரும்பி வருகிறார்கள், பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம், நம் ஊரில்தான் முதலில் சொல்லப்போகிறார்கள் என்று மலாக்காவே அலைமோதியது. பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லை. அக்கா காரை எடுத்தார். முன்னால் என் மாமியார். பின்னால் என் வீட்டுக்காரர், நான், அப்புறம் பிபிக். பிபிக் அக்காவிடம் பேசவில்லை, ஆனால் காரில் ஏறிக்கொண்டார். திடலைப் பார்க்கும் ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பாதி வழி கூடப் போகவில்லை. லைட்டு எரிந்தது.

"அக்கா, இன்னிக்கு மட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். கெஞ்சினார் என்றே சொல்லலாம். "இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்க போயி பாத்துக்கலாம்."

அக்கா ஓரங்கட்டி நிறுத்தினார். "நீங்க எல்லாம் நடந்து போங்க. பிடிச்சிடலாம். நான் ஆறினதும் வர்றேன்."

பிபிக் முதல் ஆளாக இறங்கி சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மாமியார் திட்டிக்கொண்டே பின்னால் போனார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அக்காவைத் தனியாக ரோட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. "நீங்க போங்க" என்றேன்.

ரோட்டோரம் ஒரு ஆங்சனா மர நிழலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஆட்கள் கூட்டம் கூட்டமாக எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"கோவமா?" என்றார் அக்கா.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "ஆமாக்கா. பொய்யின்னு தெரிஞ்ச லைட்டுக்கு ஏன்க்கா இப்படி?"

அவர் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"மழைக்காலத்துல எங்க பலகையில பொய்யா நிறைய லைட்டு எரியும். வயர்ல ஈரம் இறங்கிடும். சொருகிக் கேட்டா ஒரு சத்தமும் இருக்காது. அதனால மழை பெஞ்சா பாதிப் பேரு எடுக்கவே மாட்டாங்க. ஒரு நாள் சரியான மழை. கிளேபாங் பக்கம் ஒரு நம்பர், எரியுது, அணையுது, எரியுது. பக்கத்துல இருந்த பொண்ணு, ஈரம்தான், விடுங்கன்னா. நான் சொருகிக் கேட்டேன். ஒண்ணுமில்ல. மறுபடி எரிஞ்சுது. மறுபடி கேட்டேன். அப்பதான், யாரோ மூச்சு விடுற மாதிரி."

"யாருக்கா?"

"ஒரு ஜவுளிக் கடை பாய். வயசானவரு. கடையில தனியா இருந்திருக்காரு. விழுந்துட்டாரு, வாய் கோணிப் போச்சு, பேச வரல. போனை இழுத்துக் கீழே தள்ளிட்டு அதைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. நான் பக்கத்துக் கடைக்கு லைன் போட்டுச் சொன்னேன். ஓடிப்போயிப் பாத்தாங்க."

"பொழச்சாரா?"

"பொழச்சாரு. ஒரு கை வராது. ஒவ்வொரு நோன்புக்கும் பேரீச்சம்பழம் அனுப்புவாரு." துணியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "எது ஈரம், எது ஆளுன்னு லைட்டைப் பாத்தாத் தெரியாது தங்கச்சி. ரெண்டும் ஒரே மாதிரிதான் எரியும். கேட்டாத்தான் தெரியும்."

அப்போது தூரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்துகிற சத்தம். மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிப் பறந்தன. இரண்டு பேரும் எழுந்து நின்றோம். என்ன தேதி என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சந்தோஷம் மட்டும் கேட்டது.

அக்கா மூடியைத் திறந்து கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறையவே இருந்தது.

தொண்டை கட்டிப்போய் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பிபிக் வந்ததும் வராததுமாக, பல மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, அக்காவிடம்தான் பேசினார். "சூடா ஹாபிஸ்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது, நீ எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிக் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, யார் யார் மேடையில் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று வீடு வரும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிபிக் சொல்லச் சொல்ல அக்கா திரும்பச் சொன்னார். தேதியையும் திரும்பச் சொன்னார். வீட்டுக்காரர் தாங்காமல், "நீங்க அதை நேர்ல கேட்டிருக்கணும்க்கா" என்றார்.

"நாளைக்குத் தெரிஞ்சாலும் அதே தேதிதானே தம்பி" என்றார் அக்கா.

அடுத்த வருடம் நான் மாசமாக இருந்தேன். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கால் வீங்கியது. "எல்லாருக்கும் வீங்கும், பார்லி குடி" என்றார் மாமியார். குடித்தேன். முகமும் வீங்கியது. "மக பொறக்கப்போறா, அதான் முகம் மினுக்குது" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். தலைவலி வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைப் பிள்ளைக்கே இப்படிப் புலம்புகிறாள் என்று பேர் வரும். என்னோடு எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் பால் வடிக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டே பிள்ளை பெற்றவர்கள்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அன்று லீவு. கொடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் ஒரு சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன். அது கீழே விழுந்தது. கொடி இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

"தங்கச்சி, தலை வலிக்குதா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவர் காத்திருந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. நான் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாளாவே வலிக்குதுக்கா. கண்ணுல மின்மினி பறக்குற மாதிரி இருக்கு."

"மூணு நாளா" என்று திரும்பச் சொன்னார். அவ்வளவுதான். கொடிக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே."

"இப்பவா? அவன் வேலையில இருந்து வரட்டும். இன்னிக்கு அஷ்டமி வேற. கால் வீக்கத்துக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?"

"ஒண்ணுமில்லாம இருந்தா சாயங்காலத்துக்குள்ள நானே கொண்டாந்து விடுறேன். நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, வாசல்ல நின்னு கேட்டுக்கறேன். இப்போ நீங்களும் வாங்கம்மா. அவளுக்குப் பயமா இருக்கும்."

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அன்றுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

பின்சீட்டில் மாமியார் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். காஜா பேராங் ரோட்டைத் தாண்டியிருப்போம். முன்சீட்டுகளுக்கு இடையில் எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. கண்ணில் பறக்கிற மின்மினிகளில் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். அது மட்டும் அசையாமல் நின்றது.

"அக்கா, லைட்டு" என்றேன்.

"பாத்துட்டேன்."

கார் நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எப்போதும் இந்தக் காரைத் திட்டுகிற என் மாமியாரே பயந்துபோய், "லைட்டு எரியுதே, நிறுத்தலையா? நிறுத்தி எண்ணெய் ஊத்தும்மா" என்றார்.

"நிறுத்தினா நேரமாகும்மா. ஆறணும்."

"காரு கெட்டுப்போயிடுமே!"

"கெட்டுப்போகும்" என்றார் அக்கா. குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. கடைக்காரர் சொன்னதைத் திரும்பச் சொல்கிற அதே குரல். தட்டுகிற சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தீய்ந்த வாடை வந்தது. எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது அந்த வாடைதான்.

பிறகு நடந்ததெல்லாம் மாமியார் சொல்லித்தான் தெரியும். அவர் வாழ்நாள் முழுவதும் அதைச் சொன்னார். எனக்கு வண்டியிலேயே வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறும்போது ஒரு பெரிய சத்தத்தோடு எஞ்சின் இறுகிக் கார் அப்படியே நின்றுவிட்டது. அக்கா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டில் ஓடினார். தள்ளுவண்டியோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். உள்ளே ஒரு நர்ஸ் என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர், பிரஷர்" என்று கத்தினாராம். "நான் காரைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்டி. காரு வெளிய கிடக்கு, இவங்க ஏன் அதைப் பத்திப் பேசறாங்கன்னு" என்று மாமியார் சொல்வார். முதல் சில வருடங்கள் அழுதுகொண்டே சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

அன்று மாலையே குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. மிகவும் சின்னது, ஒரு கையளவுதான். ஆனால் உயிரோடு இருந்தாள். நான் கண் விழிக்க மேலும் ஒரு நாள் ஆனது. இன்னும் சிறிது நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

கார் செமாபோக் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகப்பட்டது. எஞ்சினுக்கு அடியில் ஏதோ ஒன்று வெடித்து, எண்ணெய் முழுவதும் வழியிலேயே கொட்டிப்போயிருந்தது. ஃபோர்மன் எஞ்சினைப் பிரித்துக் காட்டினாராம். உள்ளே ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டிக்கிடந்தது. சரிசெய்ய வழியில்லை. அவருக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை. பொய்யாக எரிந்த நாளெல்லாம் நிறுத்திப் பார்த்த மிஸ்ஸி, உண்மையாகவே எரிந்த அன்று ஏன் நிறுத்தவில்லை? என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்துபோய் ஒரு தேத்தண்ணீர் வாங்கிவந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானும் அக்காவிடம் அதையே கேட்டேன்.

"எங்களுக்காக லைட்டைக் கண்டுக்காம ஓட்டிட்டீங்களேக்கா."

"கண்டுக்காம எங்க ஓட்டினேன்?" என்றார். அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "அது சொன்னதை நல்லாக் கேட்டேன். கேட்டுட்டுத்தான் ஓட்டினேன். ஒரே நேரத்துல ரெண்டு லைட்டு எரிஞ்சா எதை முதல்ல எடுக்கணும்னு தெரியாதா எனக்கு? இருபது வருசமா வேற என்ன வேலை பாக்கறேன்?"

புதுக் கார் வாங்க அவரால் முடியவில்லை. வீட்டுக்காரர் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தார். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. மறுபடியும் பஸ்ஸில் வேலைக்குப் போனார். மாமியார் தினமும் சமைத்து முடித்ததும் முதலில் ஒரு கிண்ணத்தை எடுத்துக் கொடிக்கு மேலே நீட்டுவார். அதை மட்டும் அக்கா மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரை ஈப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். சில தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு எக்ஸ்சேஞ்சுகளில் பலகையும் இல்லை, ஆபரேட்டர்களும் இல்லை என்று ஆனது. எங்கே போனார், எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் பெரியவளாகி ஈப்போவில் விசாரித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

எனக்கு அவரை நினைத்தால் காரோ ஆஸ்பத்திரி மேடோ முன்னால் வருவதில்லை. சுதந்திரம் கிடைத்த அன்று காலைதான் வரும்.

எக்ஸ்சேஞ்சில் மற்றப் பெண்கள் எல்லோரும் கொண்டாட்டம் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர்கள் வேலையையும் சேர்த்து இரவு முழுவதும் அக்காவே பார்த்தார். விடிந்து வெகுநேரம் கழித்துத் தெருவில் நடந்து வந்தார். வீடு வீடாகக் கொடி பறந்துகொண்டிருந்தது. தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, ஒரு காப்பி" என்றார்.

"பலகை ரொம்பப் பரபரப்போ?" என்று மாமியார் கேட்டார்.

"ஐயோ, எல்லா லைட்டும் ஒண்ணா எரியுது. ஒருத்தரு விடாமக் கூப்பிடுறாங்க. சொருகி, யார் வேணும்னு கேட்டா, ஒருத்தரும் வேணாமாம். மெர்டேக்கா, சுதந்திரம்னு கத்திட்டு வச்சிடுறாங்க. நானும் திருப்பிச் சொன்னேன். ராத்திரி முழுக்கச் சொல்லிட்டே இருந்தேன்." குரல் கம்மிப்போயிருந்தது. "குடு தங்கச்சி, குட்டியை."

குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். மாமியார் காப்பி ஆற்றிக்கொண்டு வந்தபோது அக்கா தூங்கிப்போயிருந்தார். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை குழந்தையை அணைத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் பசித்தது. முனகினாள், பிறகு முகம் சிவக்க வீறிட்டு அழுதாள். அக்காவின் மார்பிலேயே கிடந்து அழுதாள். அக்கா அசையவில்லை. அத்தனை பேர் கூப்பிட்டதையும் எடுத்துக் கேட்ட காதுக்கு அப்படி ஒரு தூக்கம்.

நான் ஓடிவந்தேன். மாமியார் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். குனிந்து, அக்காவின் கை அசையாதபடி, மெள்ளப் பிள்ளையை உருவி எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு போய்த் தெருக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.